கோட்டை பார்க்கப் போனவர்கள்

கோட்டை எப்போதோ இடிந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிற கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில், கல்யாணமாகி வந்த நாள் முதல் குடியிருக்கிறவள் உம்மல் குல்சும். அவள் ஒரு வியாழக்கிழமை விடிந்ததும், "பாலக்காட்டுக் கோட்டையப் பாத்துட்டு வாரோம்" என்று எதிர்வீட்டில் போய்ச் சாவியைக் கொடுத்தாள். எதிர்வீட்டு ரிஃபானாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹுக்கும் தவிர வேறெதற்கும் வீதியைத் தாண்டாத மாமி, ஆனி மாச மழையில் கோட்டை பார்க்கக் கிளம்புகிறாள் என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் கோயமுத்தூர்க்காரி அல்லவா, முகத்தில் எதையும் காட்டவில்லை. நல்லாப் பார்த்துவிட்டு வாருங்கள், தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டாள்.

குல்சும் சொன்னது பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பாலக்காட்டில் கோட்டையைப் பார்த்த மாதிரி இருக்கிற வீதியில்தான் முஜீப் செருப்புக் கடை வைத்திருந்தான். அந்த முஜீபைத்தான் அவள் மகள் நிலோஃபருக்குப் பேசியிருந்தார்கள். பையனின் தாய்மாமன் ஒருதடவை வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். போட்டோக்கள் கைமாறியிருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் தரகரிடம் பதில் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் சம்மதத்தோடு பையனும் பெண்ணும் ஒருமுறை போனில் பேசியும் ஆயிற்று. பேசிவிட்டு வந்த மகளிடம் எப்படி என்று குல்சும் கேட்டாள்.

"நல்லாத்தாம்மா பேசறாரு. அவரும்தான் நல்லாப் பேசினாரு" என்றாள் நிலோஃபர். அப்புறம், நீங்க சரின்னா எனக்கும் சரி என்று சொல்லிவிட்டு, துடியலூரில் பம்பு கம்பெனி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அந்தச் சரியை வாங்கி வைத்துக்கொண்டு குல்சும்தான் ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தாள்.

'அவரும்' என்றது தாராபுரத்துக்காரனை, அவளுடைய முதல் புருஷனை. அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்காமல் இல்லை. நிலோஃபரின் அத்தா பீர் முகம்மது நேரில் போய் டீக்கடையில் கேட்டார், பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர்களிடம் கேட்டார், பக்கத்துக் கடையில் ஒன்றும் வேண்டாமலேயே ஒரு சோப்பு வாங்கிக் கேட்டார். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "அவருக்கென்னங்க, தங்கமான பையனுங்க." அந்தத் தங்கம் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே டீ ஆறிப்போனதற்குக் கையை நீட்டியது. அப்புறம் துணி காயாததற்கு நீட்டியது. நிலோஃபர் ஒற்றைப் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஜமாத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு வெளியே வந்த அன்றைக்கு, அதே டீக்கடைக்காரர் பீர் முகம்மதின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாராம். "அவன் கைநீட்டறது ஊருக்கே தெரியுமுங்க. கல்யாணக் காரியத்துல போயி நாம எப்படிங்க வாயத் தெறக்கறது?"

டீக்கடைக்காரர் கெட்டவரில்லை. நம்ம பக்கத்து மனுஷர், அவ்வளவுதான். ஒருத்தரைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்ல நாக்கு எழும்பாது. குல்சுமே அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான் இன்னும் வேதனையாக இருந்தது. விசாரிப்பு என்கிற வார்த்தையே அவளுக்கு அன்றோடு விட்டுப்போயிற்று.

அதனால் இந்த முறை யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ரயில் போத்தனூரைத் தாண்டியதும் புருஷனிடம் அதைச் சொன்னாள். வாங்க வந்தவள் மாதிரி கடைக்குள் நுழைவது, இருக்கிற செருப்பையெல்லாம் இறக்கச் சொல்வது, குறை சொல்வது, கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து சண்டை பிடிப்பது. அந்தப் பையனுக்குக் கோபம் வர வேண்டும். கோபத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டால் போதும்.

"நீயா சண்டை போடப்போறே?" என்றார் பீர் முகம்மது. "புழுக் கத்திரிக்காயத் திருப்பிக் குடுக்கறப்பவே காய்க்காரன்கிட்ட, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு சொல்றவ நீ."

"எம் புள்ளைக்காகப் போடுவேன்."

"போடு, போடு."

"நீங்க கடைக்குள்ள வந்தா வாயத் தெறக்கக் கூடாது."

"தெறக்கல."

"யாரு என்ன கேட்டாலும் தெறக்கக் கூடாது."

"ஊமைன்னு சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே எதிர் சீட்டுக்காரரிடம் எந்த ஊர், எதற்காகப் போகிறார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய கடைவீதிக்குப் பின்னால் தையல்காரர்களுக்கு நூலும் பித்தானும் ஜிப்பும் விற்கிற கடை அவருடையது. நாளெல்லாம் ஆட்களோடு பேசியே பழகிய வாய். மதுக்கரை வருவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் மூன்று தம்பிகளும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டார். தன் கதையை எடுக்க வாயைத் திறந்தவரைக் குல்சும் காலால் இடித்தாள்.

எட்டிமடைக்கு அப்புறம் ரயில் மாட்டு வண்டி மாதிரி உருண்டது. யானைகள் குறுக்கே வருகிற இடம், அப்படித்தான் போகும். மலை இறங்கி வந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றது. கோயமுத்தூரில் தூறலாக இருந்தது, வாளையாறு தாண்டியதும் சாய்ந்து அடிக்கிற மழையாகிவிட்டது. ஜன்னலை இறக்கிவிட்டுக் குல்சும் தூக்குச் சட்டியைத் திறந்தாள். தேங்காய்ச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டு அவித்த முட்டையும். எதிர் சீட்டுக்காரருக்கும் ஒரு கை வைக்காமல் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. சண்டை போடப் போகிறவள் செய்கிற காரியமா இது என்று பீர் முகம்மது பார்வையாலேயே கேட்டார். அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான்.

பாலக்காட்டு ஜங்ஷனான ஒலவக்கோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கோட்டை மைதானத்துக்கு வந்தபோது மழை குறைந்திருந்தது. கோட்டைச் சுவர் கறுத்து, பாசி பிடித்து, அகழித் தண்ணீருக்கு மேலே நின்றது. பீர் முகம்மது ஒரு நிமிஷம் நின்று பார்க்க ஆசைப்பட்டார். குல்சும் ஆட்டோவிலிருந்து இறங்கினவள் நேரே வீதியைக் கடந்து கடைவாசலில் போய்த்தான் நின்றாள்.

கடை சின்னதுதான். மூன்று சுவரிலும் மேல்வரைக்கும் அட்டைப் பெட்டிகள். முஜீப் தனியாக இருந்தான், போட்டோவில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு, முன்மண்டையில் முடி ஏறியிருந்தது. ஒரு துணியை வைத்துக்கொண்டு தோல் செருப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்டால் தோலில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும், தினமும் துடைத்தாக வேண்டும். "வாங்க இத்தா, இருங்க" என்றான். தமிழ்தான், ஆனால் நுனியில் மலையாள இழுப்பு; அக்காவுக்கு அங்கே இத்தா.

குல்சும் உட்கார்ந்தாள். பீர் முகம்மது ஒரு ஸ்டூலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, சொன்ன சொல் தவறாமல் ஊமையாக உட்கார்ந்தார்.

முதல் ஜோடி பட்டை இறுக்கம் என்றாள். இரண்டாவது நிறம் பிடிக்கவில்லை. மூன்றாவது வழுக்குமே என்றாள். அவன் ஒவ்வொரு பெட்டியையும் கொக்கிக் கழியால் இறக்கி, தாளைப் பிரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து அவள் காலில் மாட்டிவிட்டான். தோல் வேண்டாம் இத்தா, இந்த மழைக்கு ஆகாது, வீணாப் போயிடும் என்று விலை கூடினதை அவனே தள்ளி வைத்தான். அவள் அதையேதான் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தான். கொடுத்ததும் வேண்டாம் என்றாள். தரையெல்லாம் செருப்பாகிவிட்டது.

அவன் முகம் கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனால் அடுத்த பெட்டியையும் இறக்கி மாட்டிவிட்டான். குல்சுமுக்கு அதில் நிம்மதி வரவில்லை. கடைக்காரனுக்குப் பொறுமை தொழில். இதே பொறுமை அவள் புருஷனுக்குக் கடையில் உண்டு, வீட்டில் கிடையாது. தாராபுரத்துக்காரனும் வெளியே இப்படித்தான் இருந்தான். இன்னும் ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்று துணிந்து, அவன் கடைசியாக மாட்டிவிட்ட செருப்போடு ஒரு காலை நீட்டிக் காட்டினாள்.

"இதெல்லாம் ஒரு செருப்பா? நாய் கவ்விட்டு வந்த மாதிரி இருக்குது" என்றாள். சொன்ன கையோடு வாய் தானாக, "இருக்குதுங்களே" என்று முடித்துவிட்டது.

வாசல் பக்கம் பீர் முகம்மது இருமுவது போல மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அப்போதுதான் முஜீபின் போன் அடித்தது. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் வேறொரு செருப்புமாக இருந்ததால், விரல் நுனியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சு மேலேயே வைத்தான்.

"முஜீபே, வீடு பூட்டிக் கிடக்குடா" என்றது ஒரு பொம்பளைக் குரல், மழைச் சத்தத்துக்கு நடுவே.

"எந்த வீடு உம்மா? நீங்க எங்க இருக்கீங்க?"

"கோயமுத்தூருல. கோட்டைமேட்டுல. அந்தப் பொண்ணு வீட்டு முன்னாடிதான் நிக்கறேன். உன்கிட்ட சொன்னா விடமாட்டேன்னுதான் சொல்லாம வந்தேன். ஞாயித்துக்கிழமை வாயத் தெறந்து பதில் சொல்லணுமில்ல? கல்யாணமாகிப் போன பொண்ணு ஏன் திரும்பி வந்துச்சுன்னு நாலு வீட்டுல கேட்டுட்டு வரலாம்னு..."

குல்சுமின் கால் செருப்புக்குள்ளேயே இறுகிப்போனது.

முஜீபின் முகம் சிவந்ததை அவள் பார்த்தாள். கழுத்து நரம்பு எழுந்தது. பெட்டி பிடித்திருந்த கை மேலே போயிற்று. அந்தக் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெதுவும் கண்ணில் படவில்லை. மகள் தாராபுரத்திலிருந்து வந்த அன்று கன்னத்தில் இருந்த தடம் அப்படியே கண் முன்னால் வந்தது. யா அல்லா என்று உதடு முணுமுணுத்தது.

கை இறங்கியது. பெட்டியைப் பெஞ்சு மேல் வைத்தது. கீழே கிடந்த மூடியைத் தேடி எடுத்து மேலே பொருத்தியது. அதற்கப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான்.

"உம்மா, யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க. இப்பவே அங்கிருந்து கிளம்புங்க." குரல் நடுங்கியது, ஆனால் ஏறவில்லை. "அந்தப் பொண்ணு ஒரு தடவை அழுதுட்டு அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கு. நீங்க வீடு வீடா நின்னு ஏன் வந்துச்சுன்னு கேட்டா, நாளைக்கு அது எப்படி அந்தத் தெருவுல நடக்கும்? அது ஒண்ணும் மறைக்கல. என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட அதுவே சொல்லிச்சு. எனக்குப் போதும். உங்களுக்குப் போதலைன்னா என்னைக் கேட்டிருக்கணும்."

"நான் எதிர்வீட்டுல மட்டும்தாண்டா கேட்டேன்" என்றது குரல், சின்னதாகிப்போய். "அந்த வீட்டுப் பொண்ணு, அவளுக்கென்னங்க, தங்கமான பொண்ணுங்கன்னு சொல்லிச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

தங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் குல்சுமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான், இந்தத் தடவை அது தன் பெண்ணைப் பற்றியது என்பதும் உண்மைதான் என்பதும் அவளுக்கு உறைத்தது.

"சரி, விடுங்க" என்றான் முஜீப். கோபம் போனது குரலிலேயே தெரிந்தது. "நனையறீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா? ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போங்க. சாயங்காலம் நான் ஒலவக்கோட்டுக்கு வந்து நிக்கறேன்."

"சரிடா. பாவம், அவங்களைத்தான் பாக்க முடியல. காலையிலேயே கிளம்பிட்டாங்களாம். பாலக்காட்டுக்குத்தானாம், கோட்டை பாக்கறதுக்கு. இந்த மழையில யாருடா கோட்டை பாப்பாங்க?"

முஜீப் மெல்லத் தலையை நிமிர்த்தினான். குல்சுமைப் பார்த்தான். வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பீர் முகம்மதைப் பார்த்தான். தரை முழுக்கப் பரந்து கிடந்த செருப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"பாப்பாங்க உம்மா" என்று சொல்லிப் போனை வைத்தான்.

குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முஜீப் எழுந்து, துடைக்கிற துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மாமி, டீ சொல்லட்டுமா?"

இத்தா போய் மாமி வந்துவிட்டதைக் கேட்டுக் குல்சும் தலையை நிமிர்த்துவதற்குள்ளேயே, காலையிலிருந்து கட்டிவைத்திருந்த வாய் வாசல் பக்கம் அவிழ்ந்தது.

"எனக்குச் சக்கரை கம்மியாச் சொல்லுங்க, மாப்ளே" என்றார் பீர் முகம்மது.

ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டிய பதிலை மனுஷர் ஒரு டீக்குப் போட்டு உடைத்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் குல்சும் அவரை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி" என்றாள். "ஒரு தடவை ஊர் சொல்றதக் கேட்டு ஏமாந்துட்டோமுங்க. அதான் நேருல பாக்கலாமுன்னு... உங்களப் பாடாப் படுத்திப்போட்டேன்."

"நானும் உங்களை மனசுக்குள்ள நல்லாத் திட்டிட்டேன் மாமி" என்றான் அவன். "அந்த நாய் கவ்வினதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப ரொம்பத் திட்டினேன்."

குல்சும் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்துக்கு நேரே, திட்டினேன் என்று ஒரு மனுஷன் அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கோட்டைமேட்டிலும் தாராபுரத்திலும் ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சமாகியிருக்கும். மனசு லேசாகிவிட்டது. வெகுநாளாக அவள் அப்படி மூச்சு விட்டதில்லை.

டீ வந்தது. செருப்புகளைப் பெட்டியில் போட்டு அடுக்க மூன்று பேரும் சேர்ந்தார்கள். எந்தச் செருப்பு எந்தப் பெட்டிக்கு என்று பீர் முகம்மது எல்லாவற்றையும் குழப்ப, முஜீப் பின்னாலேயே சரிசெய்துகொண்டு வந்தான். இப்போது வாய் திறந்துவிட்டதால் அவரை நிறுத்த முடியவில்லை. செருப்பு எங்கேயிருந்து வருகிறது, மழைக்காலத்தில் எது ஓடும், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் சலிக்காமல் சொன்னான்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முஜீபே அவர்களை ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். மறுபடியும் மழை வலுத்துவிட்டது. கோட்டையைத் தாண்டும்போது, உள்ளே ஒரு சுற்று போகலாமா என்று கேட்டான். பீர் முகம்மது ஆசையாகப் பார்த்தார். அதுக்கென்ன, இனிமே வந்து போயிட்டுத்தான இருக்கப்போறோம் என்றாள் குல்சும். சொல்லி முடித்த பிறகுதான் தானும் பதில் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

கோயமுத்தூரிலிருந்து வந்த ரயிலில் முஜீபின் உம்மா இறங்கினாள். குடைக்கம்பி ஒன்று மடங்கிப்போன குடையும், ஈர முந்தானையுமாக வந்தவள், மகன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து யாரென்று தெரியாமல் திகைத்தாள். முஜீப் காதோடு காதாகச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் குல்சுமுக்குப் பாவமாகிவிட்டது. தன் முகமும் கடையில் இப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள்.

குல்சும்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஊட்டுச் சாவி எதிர்த்த ஊட்டுலதானுங்க இருந்துச்சு. கேட்டிருந்தாத் தொறந்து உட்டிருப்பா. உள்ள போயி ஒக்காந்து, டீ வெச்சுக் குடிச்சுட்டு, ஊட்டையெல்லாம் நல்லாச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கலாமுங்க."

உம்மா ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் மடங்கின குடையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குல்சும் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோயமுத்தூர் ரயில் ஊதுகிற வரைக்கும் விடவில்லை.

ரயில் கஞ்சிக்கோட்டைத் தாண்டும்போது பீர் முகம்மது கீழே குனிந்து பார்த்துவிட்டு, "யாரு செருப்பு இது?" என்றார். குல்சுமும் பார்த்தாள். கடைசியாக முஜீப் மாட்டிவிட்ட புதுச் செருப்பு அவள் காலிலேயே இருந்தது. நாய் கவ்வினது என்று சொன்னதுதான். பழசு அவன் கடையில், பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. இருந்த பதற்றத்தில் அவனும் பார்க்கவில்லை, இவளும் பார்க்கவில்லை. நல்லாத்தான் இருக்கு என்றார் பீர் முகம்மது. நல்லாத்தான் இருந்தது.

வாளையாற்றில் வண்டி நின்றபோது நிலோஃபர் போன் செய்தாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். யாரோ ஒரு அம்மா மழையில் நின்று விசாரித்துவிட்டுப் போனதாக ரிஃபானா சொன்னாளாம். குரலில் பழைய பயம் எட்டிப் பார்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், கோட்டை எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டாள்.

"கோட்டையப் பாக்கல கண்ணு" என்றாள் குல்சும். "செருப்புக் கடைக்குத்தான் போனோம். அவருக்குக் கோவம் வந்துச்சு. பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன்."

ரயில் கிளம்பி மெதுவாக உருள ஆரம்பித்தது.

"கை?" என்று கேட்டாள் நிலோஃபர்.

"கையில இருந்த பொட்டியக் கீழ வெச்சாரு கண்ணு. மூடியத் தேடி எடுத்து மூடினாரு. மூடிப்போட்டுத்தான் பேசினாரு."

குல்சும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பீர் முகம்மது கூட ஒன்றும் கேட்கவில்லை.

"மழை பெய்யுதும்மா" என்றாள் நிலோஃபர். "நீங்க ஆட்டோ தேடி நிக்க வேண்டாம். நான் குடை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாரேன்."